கட்டக்கோரையும் மருந்துக் காப்பும்



உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு நாள் மட்டும் காப்புக் களைவது வழக்கம். களைந்த சந்தனத்தை மருந்தென்று அடியார்கள் வாங்கிச் செல்வர். காக்க வேண்டியதைப் பொதிந்து வைத்துக் காலமறிந்து திறக்கும் இச்செயலையே, அவ்வூருக்குத் தெற்கே உள்ள கடலின் பாசியைப் போன்ற பொருள்களைக் கொண்டு மருந்தியல் இன்று செய்ய முயல்கிறது.

மருந்தைப் பொதியும் அப்பொருளுக்கு ஹைட்ரஜெல் என்று பெயர். நீரைத் தன் வலைக்குள் பிடித்து வைத்திருக்கும் கூழ் அது. பெயர்தான் புதிது, பொருள் புதிதன்று. கீழக்கரை இல்லங்களில் நோன்பு திறக்கும் வேளையில் பரிமாறப்படும் கடற்பாசியும் ஹைட்ரஜெல்லே. அதில் அகர் சிறிதளவே. எஞ்சியதெல்லாம் நீரும் பாலும் சர்க்கரையும்.

மன்னார் வளைகுடாவில் அகர் தருவன மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும். மருந்துப் பொதிக்கெனப் பெரிதும் ஆராயப்படுவதோ, கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் தரும் ஆல்ஜினேட். 1881இல் ஸ்டான்ஃபோர்டு என்னும் பிரித்தானிய வேதியியலார் இதனைப் பிரித்தெடுத்தார். சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் மருந்தைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் நொடியில் மணியாகத் திரளும். கால்சியம் இழையோடு இழையைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இம்மணி இரைப்பை அமிலத்தில் சுருங்கி மருந்தைக் காக்கும். சிறுகுடலை அடைந்ததும் கால்சியம் நழுவ, ஊதி நெகிழ்ந்து மருந்தை விடும். கடுஞ்சூடு வேண்டாமையால், புரதம் போன்ற மென்மையான மருந்துகளுக்கு இம்முறை ஏற்றதாகக் கருதப்படுகிறது.

இத்தகைய கூழ்களை ‘மக்கும்’ என்று அடைமொழி தந்து வழங்குவதில் கருத்து வேண்டும். ஆல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லை. கட்டவிழ்ந்து கரைவது வேறு, சிதைவது வேறு. உவமை தேடும் கவிஞர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடலாகாது! அதனாலேயே ஆய்வாளர் ஆல்ஜினேட்டை ஓரளவு ஆக்சிசனேற்றி, நீரில் மெல்லச் சிதையுமாறு மாற்றுகின்றனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானின் நிலை வேறு. அதனை உடலின் லைசோசைம் என்னும் நொதி சிதைக்கும்; அந்நொதி கண்ணீரிலும் உண்டு.

ஆய்வகத்துக்கு வெண்தூளாக வந்துசேரும் பொருளின் முதற்கை எவருடையது? இக்கரையில் அது பெண்களின் கை. கண்ணில் மூழ்குகண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று. மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கின்றனர். 1986இல் 21 தீவுகளும் சூழ்கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அவர்தம் பழைய பாசித்துறைகள் பல தடைக்குள் அடங்கின. கடலைக் காக்க வேண்டும் என்பதை அவர்கள் மறுத்தவரல்லர். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதெனத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டனர். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது இம்முயற்சிகளின் பொருட்டே. 

ஆய்வுரைகளில் கட்டக்கோரை ‘சர்காசம்’ என்றே வருகிறது. ஹைட்ரஜெல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர், அகராதியைப் புரட்டுமுன் சின்னப்பாலத்துக்குச் சென்று கேட்டல் நன்று. டர்பினேரியாவுக்குப் பக்கோடாப் பாசி என்று பெயரிட்ட கரை அது. அதன் இலைத்திரளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அப்பெயரை மறுக்கமாட்டார்.