செஞ்சிச் சீமையில் நல்ல சாப்பாடு எங்கே?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், மதிய உணவுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவனுக்கு ஒரே ஒரு கடமைதான். சீக்கிரம் முடிக்க வேண்டும். ஆனால் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பே சாப்பாடு. அதனால் பசியோடு கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தத் தலைப்பு வந்த கதையைச் சொல்கிறேன். நம் வகுப்பு நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் ஒரு கிராமப்புறத்தில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "இங்கே எந்தக் குக்கிராமத்துல எந்தக் கடையில நல்லா சாப்பிடலாம்னு புத்தகமே இருக்குடா. உங்க செஞ்சிப் பக்கத்துக்கு அப்படி ஒண்ணு எழுதி வை. நான் குடும்பத்தோட வர்றேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ரேமண்ட் போஸ்ட்கேட் என்பவர் 1951-இல் அங்கே அப்படி ஒரு கையேட்டைத் தொடங்கினார். சாப்பிட்டுப் பார்த்த சாதாரண மக்கள் எழுதி அனுப்பியதை வைத்தே தொகுத்தார். பிரான்சில் மிஷலின் என்ற டயர் கம்பெனி 1900-லேயே கையேடு போட்டது. கார் ஓடினால்தானே டயர் தேயும்! நம் செஞ்சிக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே வாய்மொழியாக இன்று நானே போடுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்ப் பெருமை. தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த சத்ருமல்லேஸ்வராலயம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1,400 வருஷத்துக் கோயில். அதே மகேந்திரன் எழுதிய மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தில், ஒரு காபாலிகனின் கபாலத்தைக் காணவில்லை என்று பெரிய ரகளை. கடைசியில் பார்த்தால், அதில் வறுத்த இறைச்சி இருந்த வாசனைக்கு ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. ராஜாவே சாப்பாட்டை வைத்துக் கதை கட்டியிருக்கும்போது நான் பேசக்கூடாதா?

இன்னொரு பக்கம், செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. தின்றவர்களையும் தெரியும், துறந்தவர்களையும் தெரியும், அதுதான் எங்கள் சீமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் "எந்தக் கடை?" என்று கேட்கக் கூடாது. "எந்தக் கிழமை, எந்த மாசம்?" என்று கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்றால் செஞ்சி வாரச்சந்தை. விடிவதற்கு முன்பே வெள்ளாடும் செம்மறியுமாக வந்து இறங்கும். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின சந்தையில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும். சந்தைக்கு வந்தவன் பசியாறும் இடம்தான் சரியான இடம். ஆட்டைப் பிடித்துப் பார்த்தே எடை சொல்கிறவனை, கறிக்குழம்பில் ஏமாற்ற முடியுமா? அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கொட்டகை எதுவோ, அங்கே நீங்களும் உட்காருங்கள். பெயர்ப்பலகை இருக்காது.

நெல் அறுவடைக் காலமானால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போங்கள். மூட்டையோடு விடிய விடியக் காத்திருக்கும் விவசாயிக்கும் சுமை தூக்குகிறவருக்கும் காலை இட்லி தாராளமாகக் கிடைத்தாக வேண்டும். சட்னியில் மல்லாட்டை வறுத்து அரைத்திருப்பார்கள். நிலக்கடலை என்று நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம். பங்குனி, சித்திரையில் வந்தால், அப்போது பிடுங்கிய காயை உப்புப் போட்டு வேகவைத்துத் தருவோம். அதற்கு ஈடு கிடையாது.

கோடையில் நுங்கு, பதநீர். தை மாதம் பனங்கிழங்கு. மரக்காணத்துப் பக்கமிருந்து வரும் கருவாடு எல்லா மாசமும் உண்டு. சித்தாமூர்ப் பக்கம் நயினார் வீட்டு விருந்து கிடைத்தால் பாக்கியம். ஆனால் பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். இருட்டின பிறகு அவர்கள் உண்பதில்லை.

கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராஜகிரி உச்சிக்குப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். குரங்குகள் தேசிங்குராஜாவுக்குக் கூட வரி விலக்குத் தந்திருக்காது! கீழே இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். 1690 முதல் 1698 வரை முகலாயர் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1692-93-இல் தானியம் வராமல் தவித்தது உள்ளே இருந்த மராட்டியர் இல்லை, வெளியே பாளையமிறங்கிய முகலாயப் படைதான். வழியை மராட்டியர் மறித்துவிட்டார்கள். சோற்றுக்கு வழி பார்த்தவன் தாக்குப்பிடிப்பான் என்பதுதான் அதில் பாடம்.

இதுவரை சொன்னது எல்லோருக்குமான கையேடு. இனிச் சொல்வது எனக்கும் அந்த நண்பருக்கும் உள்ள கணக்கு.

1976-ஆம் வருஷம், ஆடி மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் தளவானூருக்கு வந்து நின்றார். நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை. எங்கள் வீடோ கூரை வீடு. அம்மா வாசலுக்கு வந்து, "வா தம்பி, குந்து. கூழு இருக்குது, கருவாட்டுக் கொழம்பு அடுப்புல கொதிக்குது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஹாஸ்டலில் நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி வாயே திறந்ததில்லை. "அவன் இதெல்லாம் சாப்பிட மாட்டான்மா" என்று சொல்லிவிட்டு, நண்பரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செஞ்சியில் ஒரு ஓட்டலில் ஊசிப்போன சாம்பாரும் விறைத்த சோறும் சாப்பிட்டோம். இருந்த காசெல்லாம் அதற்குச் சரியாகப் போயிற்று.

ராத்திரி அம்மா ஒன்றுதான் கேட்டார். "கூழு வேணாம்னு அந்தத் தம்பி சொல்லிச்சா, நீ சொன்னியா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் திருப்பிக் கேட்கவில்லை. 2009-இல் அம்மா போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் நண்பர் சொன்னார்: "டேய், அன்னிக்கு உங்க வீட்டு அடுப்புல என்னடா கொதிச்சுது? அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு. பஸ்ல போகும்போது உங்க அம்மாவோட சாப்பிட்டிருக்கலாமேன்னு நெனச்சேன். நீ கோவிச்சுக்குவியோன்னு சொல்லல."

நண்பர்களே, அவர் கேட்ட கையேட்டின் முதல் பக்கத்தை நானே அன்றைக்குக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

இதைச் சொந்தக் கதையாக மட்டும் சொல்லவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு நாம் எதைப் பரிமாறப் போகிறோம்? எங்கேயும் கிடைக்கும் பரோட்டாவையும் ஃபிரைடு ரைஸையுமா? நம் வீட்டுச் சாப்பாடு கௌரவக் குறைச்சல் என்று நாமே ஒளித்து வைத்தால், ஊரில் பத்துக் கடை திறந்தும் பயன் இல்லை. கூழ் காய்ச்சத் தெரிந்த பெண்கள் இன்னும் கிராமத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பானை வைத்து நாலு பெஞ்சு போட முன்வந்தால், நம் சங்கம் கைகொடுக்கலாம். இதை ஒரு கோரிக்கையாகவே தலைவர் அவர்களிடம் வைக்கிறேன்.

கடைசியாக, கையேட்டில் ஒரு விலாசம் சேர்க்கிறேன். நண்பருக்கும் அதையே சொல்லிவிட்டேன். தளவானூர், ஆடி ஞாயிறு, என் வீடு. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வேகவைத்து, மாவை ஊற்றித் துடுப்பால் கிளறி இறக்கிவிடுவோம். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். கருவாட்டுக் குழம்பும் உண்டு. அம்மா கைப்பக்குவம் வராது. என் மனைவி அம்மாவிடம் கற்றுக்கொண்ட அளவுக்கு வரும்.

சொல்லிவிட்டு வந்தால் சந்தோஷம். சொல்லாமல் வந்தாலும் இந்தத் தடவை பஸ் ஏற்றி அனுப்ப மாட்டேன்.

இலை போட்டுவிட்டார்கள் என்று சைகை வருகிறது.