குன்றின் மேல் ஒரு சிலுவை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"பத்து நிமிஷம்தான், மேல போனா மைக்கை நிறுத்திடுவேன்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கடைசி பெஞ்ச், இன்றைக்கு எனக்கு மணி அடிக்கிறார்!

கல்லூரி வாசலில் நினைவுத் தூண் கட்டுவது பற்றிக் காலையில் பேசினோம். எனக்கு வெஞ்சுரா ஞாபகம் வந்தது. கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்சுக்கு வடமேற்கே உள்ள கடலோர ஊர். என் மகள் அங்கே இருக்கிறாள். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று, அதன் மேலே மரச் சிலுவை. அங்கே நின்றால் கீழே ஊரும், கடலும், தூரத்துத் தீவுகளும் தெரியும்.

1782 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஹூனிப்பெரோ செர்ரா அங்கே ஒரு மிஷனைத் தொடங்கினார். அப்போதே குன்றிலும் சிலுவை நட்டார், கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம் என்று ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். மரம்தானே, எத்தனை நாள் நிற்கும்? பழையது போனபின் புதியது வைத்தார்கள். இன்று நிற்பது 1941-இல் நட்டது.

குன்று 1918-இல் கிராண்ட் தம்பதி கொடுத்த கொடையால் நகரப் பூங்காவாயிற்று. சிக்கலும் அங்கேதான். அரசு நிலத்தில் ஒரு மதத்தின் சின்னம் இருக்கலாமா என்று கேள்வி எழுந்தது. வழக்கு வரும் என்றானதும், 2003-இல் நகராட்சி சிலுவையைச் சுற்றியுள்ள ஒரு ஏக்கரை ஏலம் விட்டது. ஊர்க்காரர்களின் அமைப்பு ஒன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலுவை நின்ற இடத்திலேயே நின்றது.

2017 டிசம்பரில் பெரும் காட்டுத் தீ. அந்த ஊரில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பூங்காவையும் தீ விடவில்லை. சிலுவை தப்பியது. மறுநாள் அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு என்று மகள் சொன்னாள்.

ஆனால், அந்தக் குன்றைப் பார்த்து வேறு மாதிரி அழுகிறவர்களும் உண்டு. செர்ரா வருவதற்கு வெகு காலம் முன்பே அது சூமாஷ் மக்களின் மண். பலகைப் படகு கட்டிக் கடலில் தீவுக்குப் போய் வந்தவர்கள். மிஷனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏழு மைல் வாய்க்கால் அவர்கள் உழைப்பு. வந்தவர்கள் கொண்டுவந்த நோயில் கூட்டம் கூட்டமாக மாண்டதும் அவர்களே. செர்ராவுக்கு 2015-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 2020-இல், சூமாஷ் மக்களும் பேசிய பிறகு, நகர மன்றத்தின் முன்னிருந்த அவர் சிலையை அகற்றினார்கள். சிலுவையை மட்டும் ஊர் வைத்துக்கொண்டது.

நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். குன்றில் நின்றபோது சாயங்கால வெளிச்சத்தில் மனசு நிறைந்தது. வாய்க்கால் கதையைக் கேட்டபோது கனத்தது. இரண்டும் நிஜம்.

அதனால் இரண்டே விண்ணப்பம். ஒன்று, தூண் கட்ட வசூலிக்கும்போதே, அதைப் பராமரிக்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இரண்டு, அதிலே பெயர் பொறிக்கும்போது முதல்வர்கள், கொடையாளர்கள் பெயரோடு நிறுத்தாதீர்கள். நமக்கு விடுதியில் சோறு வடித்தவர்கள், ராத்திரி காவல் இருந்தவர்கள் பெயரும் இருக்கட்டும். பின்னாடி யாரும் வந்து, "எங்களை விட்டுட்டீங்களே"ன்னு கேட்கக் கூடாது.

செயலாளர் எழுந்துவிட்டார்.