குடலின் குருதி வழி அடைபடும் வேளை

(விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவ அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மாரடைப்பு என்னும் சொல்லை அறியாத இல்லம் இன்று இல்லை. நெஞ்சு வலி என்றவுடன் வாகனம் தேடும் விழிப்பு சிற்றூர்களிலும் வந்துவிட்டது. பக்கவாதத்தைப் பற்றிய விழிப்பும் வளர்ந்து வருகின்றது. ஆனால் இதயத்திற்கும் மூளைக்கும் நேர்வது போன்ற அடைப்பு குடலுக்கும் நேரும் என்பதைப் பலர் கேள்விப்பட்டதில்லை. இது அரிய நோயே. அவசர அறுவைப் பிரிவில் சேர்க்கப்படுவோரில் 1000 பேருக்கு ஓரிருவரே இந்நோய் உடையவர்கள். எனினும் இதற்கு ஆளானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரோ, அதற்கு மேற்பட்டோரோ உயிரிழக்கின்றனர். நோயின் கொடுமை ஒரு காரணம். நோய் இன்னதென்று தெளிவதற்குள் கடந்துவிடும் நேரம் மற்றொரு காரணம்.

இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருந்தமனியின் முன்புறத்திலிருந்து மூன்று கிளைகள் உணவுப் பாதைக்குக் குருதியைக் கொண்டு செல்கின்றன. அவற்றுள் நடுவில் உள்ளதே மேற்குடல் தமனி. சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முற்பகுதியும் இந்த ஒரே தமனியை நம்பி வாழ்கின்றன. இத்தமனி பெருந்தமனியிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து பிரிகின்றது. ஆகையால் குருதியோட்டத்தில் மிதந்து வரும் உறைவுக்கட்டி எளிதில் இதற்குள் புகுந்துவிடுகின்றது.

அந்தக் கட்டி பெரும்பாலும் இதயத்திலேயே உருவாகின்றது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலையை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். அந்நிலையில் மேலறையில் தேங்கும் குருதி உறைந்து கட்டியாகின்றது. அது மூளைக்குச் சென்றால் பக்கவாதம். குடல் தமனிக்குச் சென்றால் குடலடைப்பு. திடீர்க் குடல் தமனி அடைப்புகளில் ஏறத்தாழப் பாதி இவ்வகையைச் சார்ந்தது. இரண்டாம் வகை, கொழுப்புப் படிந்து நாள்பட ஒடுங்கிய தமனி ஒரு நாள் முற்றிலும் அடைபடுவது. இவ்வகையினர் பலருக்கு முன்னறிவிப்பு உண்டு. உண்ட சிறிது நேரத்தில் வயிறு வலிக்கும். அவ்வலிக்கு அஞ்சியே உணவைக் குறைப்பர்; உடல் மெலிவர். முதியவர் ஒருவர் சாப்பிடவே அஞ்சுகின்றார் என்றால் அதனை வயதின் இயல்பு என்று தள்ளிவிடலாகாது.

நோய் எவ்வாறு தொடங்குகின்றது? எழுபது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நாடித்துடிப்பு ஒழுங்கற்றது என்று முன்பே மருத்துவர் கூறியிருக்கின்றார். குருதி உறையாமல் காக்கும் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிவிட்டது. இரவில் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வருகின்றது. ஒரு முறை வாந்தி. ஒரு முறை பேதி. வீட்டார் வயிற்றைத் தொட்டுப் பார்க்கின்றனர். வயிறு மென்மையாகவே இருக்கின்றது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுக்கின்றனர். விடியட்டும் என்று காத்திருக்கின்றனர்.

இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கின்றது. வலியோ கொடியது, வயிற்றில் அதற்கேற்ற இறுக்கமோ வீக்கமோ இல்லை. இந்த முரண்பாடே இந்நோயின் முதல் அடையாளம். குருதி முற்றிலும் நின்றால் குடலின் உட்தோல் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் குடற்சுவர் முழுவதும் மீட்க இயலாத நிலையை நெருங்கும். இடையில் வலி சற்றுத் தணிவதும் உண்டு. வீட்டார் அதனைக் கண்டு ஆறுதல் கொள்கின்றனர். உண்மையில் அப்போது வலியை உணர்த்தும் நரம்புகளே செயலிழந்து கொண்டிருக்கலாம். பின்னர் வயிறு உப்பி இறுகி, காய்ச்சலும் மயக்கமும் தோன்றும்போது குடல் அழுகத் தொடங்கியிருக்கும்.

மருத்துவமனைக்குச் சென்றபின்னும் நேரம் வீணாவது உண்டு. சாதாரண எக்ஸ்ரே படம் தொடக்கத்தில் குறையேதும் காட்டாமல் இருக்கலாம். ஸ்கேன் எனப் பொதுவாக வழங்கும் அல்ட்ராசவுண்டும் அவ்வாறே. குருதிச் சோதனை சீராக இருப்பதாலேயே இந்நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. நோயைத் தெளிவாகக் காட்டுவது, நரம்பு வழியே சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். அச்சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று சிலர் தயங்குவர். அச்சம் நியாயமானதே. எனினும் இந்நோய் என்று ஐயம் எழுந்தால், தாமதத்தால் வரும் கேடே பெரிது என்பது மருத்துவ உலகின் இன்றைய வழிகாட்டுதல்.

சிகிச்சையின் வரலாறு நம்பிக்கை ஊட்டுவது. 1926-இல் காக்கினிஸ் என்னும் அறுவை மருத்துவர் இந்நோயைக் குறித்து ஏறக்குறைய நம்பிக்கையிழந்தே எழுதினார். அக்காலத்தில் இறந்துபட்ட குடலை வெட்டி நீக்குவதே பெரும்பாலும் இயன்றது. 1951-இல் கிளாஸ் என்பவர் தமனியைத் திறந்து கட்டியை எடுத்தால் குடலை வெட்டாமலேயே மீட்கலாம் என்று காட்டினார். 1957-இல் ஷா, ரட்லெட்ஜ் ஆகியோர் அம்முறையில் வெற்றி கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி, கையுறையின் விரல் நுனியை மெல்லிய குழாயின் முனையில் கட்டி ஒரு சிறு பலூனை உருவாக்கினார். சுருங்கிய பலூனைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, விரியச் செய்து இழுத்தால் கட்டி வெளியே வந்துவிடும். அவர் பெயரைத் தாங்கிய அக்கருவியே இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

இன்றைய சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நரம்பு வழியே நீர் ஏற்றுதல், நோய்க்கிருமிகளை அடக்கும் மருந்து, உறைவு பெருகாமல் தடுக்கும் ஹெப்பாரின். இவை உடனே தொடங்கும். அடுத்து, குருதியோட்டத்தை மீட்டல். குடல் இன்னும் அழுகவில்லை எனத் தோன்றினால், தொடை அல்லது கை வழியே குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுக்கலாம். ஒடுங்கிய தமனியில் ஸ்டென்ட் வைக்கலாம். வயிறு இறுகியிருந்தால் வயிற்றைத் திறப்பதே வழி. அப்போதும் பெரும்பாலும் தமனியைத் திறந்தபின்னரே குடலை வெட்டுவர். கருத்திருந்த பகுதியும் குருதி பாய்ந்தபின் மீளக்கூடும் என்பதே காரணம்.

இரண்டாம் முறை வயிற்றைத் திறக்க வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தார் கலங்குவர். முதல் அறுவை தவறிவிட்டதோ என்று ஐயுறுவர். அவ்வாறு கலங்க வேண்டுவதில்லை. ஐயத்திற்குரிய குடலை அவசரப்பட்டு வெட்டாமல் விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரத்திற்குள் மீண்டும் பார்ப்பது திட்டமிட்ட முறையே. சிறுகுடல் இரண்டு மீட்டருக்கும் குறைவாக எஞ்சினால் உணவின் சத்தை உடல் ஏற்பது கடினமாகும்; நீண்ட காலம் நரம்பு வழியே ஊட்டம் அளிக்க நேரிடலாம். ஆகவே ஒவ்வொரு சாணும் காக்கப்படுகின்றது. குடல் முழுவதும் இறந்துபட்ட நிலையில், தளர்ந்த முதியவருக்கு அறுவை வேண்டாம், வலியின்றிக் காப்போம் என்று மருத்துவர் கூறுவதும் உண்டு. அதுவும் கைவிடுதல் அன்று, கருணையின் பாற்பட்டதே.

வருமுன் காத்தலே மேலானது. நாடித்துடிப்பு ஒழுங்கற்றது எனக் கூறப்பட்டோர், மருத்துவர் எழுதிய உறைவு தடுப்பு மாத்திரையை ஒரு நாளும் தாமாக நிறுத்தலாகாது. உபவாச நாட்களிலும் இதுவே விதி. விரதம் மேற்கொள்ள விழையும் இதய நோயாளர், நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று மருந்து வேளையையும் நீர் அருந்தும் அளவையும் கேட்டுத் தெளிதல் வேண்டும். உடலில் நீர் வற்றினால் குருதி எளிதில் உறையும். குடலுக்குச் செல்லும் ஓட்டமும் குறையும்.

இல்லந்தோறும் நினைவிற்கொள்ள வேண்டியது இவ்வளவே. முதியவர் ஒருவருக்கு, அதிலும் இதய நோயோ முன்பு பக்கவாதமோ வந்தவருக்கு, திடீரெனக் கடும் வயிற்று வலி வந்தால் விடியலுக்குக் காத்திருத்தல் கூடாது. உணவோ பேதி மருந்தோ கொடுத்தல் கூடாது. சி.டி. வசதியும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்லுதல் வேண்டும். அவர் உண்ணும் மாத்திரைகளையும், எது நிறுத்தப்பட்டது என்பதையும், வலி தொடங்கிய மணியையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். "குடலுக்குச் செல்லும் தமனியில் அடைப்பு இருக்குமோ?" என்று வினவ ஒருவரும் தயங்க வேண்டுவதில்லை. அந்த ஒரு வினா ஓர் உயிரைக் காக்கக்கூடும்.