உப்பளத்துப் பிள்ளைக்கு எந்தத் தொழில்?

(வேதாரண்யத்தில் மாணவர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மருந்து தொழிற்பயிற்சிதான் என்று எல்லா மேடையிலும் சொல்றாங்க. பயிற்சி வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. யாருக்கு, எந்தத் தொழிலில், எந்த வாசலுக்குள்ளே விட்டுப் பயிற்சி என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அதைக் கேட்கக் காரணம் இருக்கு. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்து, அகஸ்தியன்பள்ளியில் உப்பள்ளிக் கைதானார் ராஜாஜி. அதற்கு நினைவுத்தூண் இருக்கு. அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து 1953இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்துக்குத் தூண் எங்கே? பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது அந்தத் திட்டம். உப்பு வாருகிறவன் பிள்ளை பாத்தி மிதிக்கணும். அண்டை வெட்டுகிறவன் பிள்ளை மண்வெட்டி பிடிக்கணும். அதுவும் 'தொழிற்பயிற்சி'தானாம்! குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார் பெரியார்; 1954இல் காமராசர் வந்து அதை எடுத்தார்.

செத்துப்போச்சு என்றுதான் நினைச்சோம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தை அறிமுகப்படுத்தியது. 18 தொழில்கள். 18 வயது ஆனால் போதும். ஆனால் தொழில் குடும்பம் வழிவழியாகச் செய்து வருவதாக இருக்கணும். கருவிக்கு 15,000 ரூபாய், பிறகு கடன். பட்டியலில் செருப்புத் தைப்பது இருக்கு, துணி வெளுப்பது இருக்கு, முடிவெட்டுவது இருக்கு, கூடை முடைவது இருக்கு. யாரைப் பார்த்து எழுதின பட்டியல் என்று தனியாச் சொல்லணுமா? 18 வயது என்பது கல்லூரி வாசலில் நிற்கிற வயது. குடும்பத் தொழில் நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழக அரசு, 2024 நவம்பரில் இந்த வடிவத்தில் ஏற்க முடியாது என்று எழுதியது. 2025இல் தன் பங்குக்குக் கைவினைத் திட்டம் தொடங்கியது. சரி, வேண்டாததைத் தடுத்தாச்சு. வேண்டியது எது?

1942இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்ற பாபாசாகேப் அம்பேத்கர், அந்த அக்டோபரிலேயே தீண்டப்படாத மக்களின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் கொடுத்தார். அதில் தொழில்நுட்பப் பயிற்சிக்கு அவர் கேட்ட இடங்களைக் கவனியுங்கள்: அரசு அச்சகம், ரயில்வே பட்டறை. சேரிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுச் சொல்லிக்கொடு என்று கேட்கவில்லை. எந்திரம் ஓடுகிற இடத்துக்குள்ளே விடு என்றார்.

இன்றைக்கும் சண்டை அந்த வாசலில்தான். ஐ.டி.ஐ.யில் பிட்டர், வெல்டர் முடித்துச் சான்றிதழோடு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. மழை மாதத்தில் உப்பளம் படுத்துவிட்டால் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். நடுவில் அறுந்துபோன கண்ணி அப்ரண்டிஸ்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே தீரணும். 1973 திருத்தத்தில் சேர்ந்த 3-அ பிரிவு, அந்த இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வேண்டும் என்கிறது. அரசு ஆலை, தனியார் ஆலை என்று பிரிக்கவில்லை. தனியார் துறையில் ஒதுக்கீடு வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறோமே, சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற இந்த ஒரு வரியை எத்தனை பேர் கையில் எடுத்தோம்?

இந்தச் சட்டம் அமிர்தமும் இல்லை. 18ஆம் பிரிவு அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது. முடித்தவனுக்கு வேலை தருவது 2014 திருத்தப்படி முதலாளி வகுக்கிற கொள்கை. மலிவான ஆளை வைத்து வருஷம் ஓட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடலாம். உள்ளே போகிறவன் சங்கத்தோடு போகணும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெண் பிள்ளைகளுக்கு என்றால் எல்லாருக்கும் தையல் மெஷின்தான் ஞாபகம் வருது. ஏன், எலக்ட்ரீசியன் வேலைக்கு விரல் வேறயா வேணும்?

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு அகல ரயில் பாதை வந்தாச்சு. அந்தப் பெட்டியைச் சரிபார்க்கிற பட்டறைகளில் அப்ரண்டிஸ் இடத்துக்கு நாம் எத்தனை மனு போட்டோம்? முதல்ல கணக்கெடுப்போம். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், ஆணும் பெண்ணும், சான்றிதழ் நகலும் சாதிச் சான்றிதழ் நகலும் கொண்டுவந்து இங்கே பெயர் கொடுங்கள். மாவட்டத்தில் எந்தெந்த நிறுவனம் எத்தனை அப்ரண்டிஸ் எடுத்தது, அதில் நம்மவர் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிற மனுவை இன்றைக்கே எழுதுவோம். பத்து ரூபாய்தான் கட்டணம். எழுத்து நல்லா இருக்கிற மாணவர்கள் இரண்டு பேர் முன்னால் வாங்க.