ஒட்டுவது வேறு, இயக்குவது வேறு



துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து ஒப்பிக்கும் உரிமை கருத்தரங்கின் தலைமை உரைக்கு உண்டு. அதை இன்று நான் முழுதாகப் பயன்படுத்தப் போவதில்லை. ஒரு பெப்டைடு ஹார்மோன் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியோடு பிணைவது ஒரு சங்கதி; அந்த ஏற்பியை வேலை செய்ய வைப்பது வேறொரு சங்கதி. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதையும் பார்த்துவிட்டதாக எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பெரும்பாலும் இன்சுலினை வைத்தே பேசுவேன். இந்த வழக்கில் அதற்குத்தான் சாட்சிகள் அதிகம்.

51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினால், ஸ்டீராய்டு ஹார்மோனைப் போலக் கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போக முடியாது. வெளியே நின்றபடியே சேதி சொல்லியாக வேண்டும். அதுவும் எவ்வளவு சொற்பமான அளவில்! வெறும் வயிற்றில் நம் இரத்தத்தில் ஓர் இன்சுலின் மூலக்கூறுக்குக் கோடிக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன. இந்த நெரிசலில் அதை இனங்கண்டு பிடிக்க வேண்டுமானால் ஏற்பிக்கு அதன்மேல் நாட்டம் மிகுதியாக இருக்க வேண்டும். ஆகவே முன்னோடிகள் முதலில் நாட்டத்தை அளக்க முனைந்ததில் வியப்பில்லை. இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஏற்றி, இரத்தத்தில் அதன் அளவைக் காணும் முறையை யாலோவும் பெர்சனும் வகுத்துத் தந்திருந்தார்கள். அந்த அயோடின் உத்தியை வைத்துக்கொண்டுதான் 1970இல் லெஃப்கோவிட்ஸ், ராத், பாஸ்டன் குழுவினர் அட்ரினல் திசுவில் ஏசிடிஎச் ஹார்மோனின் பிணைப்பையும், அடுத்த ஆண்டில் ஃப்ரேஷே, ராத், நெவில் மூவரும் கல்லீரல் சவ்வில் இன்சுலினின் பிணைப்பையும் அளந்தார்கள். மருந்தியலில் அனுமானமாக மட்டுமே இருந்த ஏற்பி, சோதனைக் குழாயில் எண்ணக்கூடிய பொருளாயிற்று.

ஆனால் அதே 1971இல் கோனோவும் பார்ஹாமும் எலியின் கொழுப்புச் செல்களில் ஒரு சங்கடமான கணக்கைக் காட்டினார்கள். ஏற்பிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றில் இன்சுலின் அமர்ந்தாலே போதும், குளுக்கோஸ் எரிப்பு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதாவது பிணைப்பின் வளைகோடு ஓரிடத்தில், செயலின் வளைகோடு வேறோரிடத்தில். இந்த ஒரு முடிவை மட்டும் நாம் ஒழுங்காக மனத்தில் வாங்கியிருந்தால், பின்னால் வந்த கட்டுரைகளில் பாதிக்குத் தலைப்பை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை இறங்காத சில நோயாளிகளின் சீரத்தை ஃப்ளையர், கான், ராத் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அந்தச் சீரத்தில் இன்சுலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன என்று 1975இல் வெளியிட்டார்கள். அவை ஏற்பியை மறித்துக்கொள்கின்றன, இன்சுலினுக்கு இடமில்லை, இதுவரை புரிகிறது. ஆனால் அதே எதிர்ப்பொருளைக் கொழுப்புச் செல்லின்மேல் விட்டுப் பார்த்தபோது, செல் இன்சுலினைக் கண்டதைப் போலவே குளுக்கோஸை எரிக்கத் தொடங்கியது! இன்சுலினோடு துளியும் சாயல் இல்லாத ஒரு புரதம் இன்சுலின் வேலையைச் செய்தது.

எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். 1978இல் கான் குழுவினர் அதை வெட்டி ஒற்றைக் கையாக்கினார்கள். ஒற்றைக் கை ஏற்பியைப் பிடித்தது, இன்சுலினையும் மறித்தது. ஆனால் செல்லில் சலனம் இல்லை. பிறகு, இரண்டு ஒற்றைக் கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருளை ஊற்றினார்கள். செயல் திரும்பி வந்தது. பிடிப்பதால் மட்டும் எதுவும் நடக்கவில்லை. பிடித்தவை ஒன்றையொன்று நோக்கி இழுபட்டபோதுதான் நடந்தது. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி இந்த ஏற்பியின் இயங்கும் உருவத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்குச் சுமார் நாற்பதாண்டுகளுக்கு முன்பு, வெறும் சீரத்தை வைத்துக்கொண்டு எட்டிய முடிவு இது. மாணவர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

எது எதை நோக்கி இழுபடுகிறது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. ஏற்பியின் உட்பகுதி ஒரு டைரோசின் கைனேஸ், அது தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது என்ற செய்தி 1982இலிருந்து வரத் தொடங்கியது. 1985இல் அதன் மரபணு வாசிக்கப்பட்டது. ஏற்பி பிறக்கும்போதே இரட்டையாகத்தான் பிறக்கிறது. கந்தகப் பிணைப்புகள் இரண்டு பாதிகளையும் கட்டியிருக்கின்றன. இன்சுலின் இல்லாதபோது சவ்வை நோக்கி இறங்கும் இரண்டு கால்களும் நூறு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் அகன்று நிற்கின்றன. இன்சுலின் அமர்ந்ததும் மேல்பகுதி விரிந்து, கால்கள் நெருங்கி, மொத்த உருவமும் ஆங்கில 'டி' எழுத்தைப் போலாகிறது. உள்ளே இரண்டு கைனேஸ்களும் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றும் தொலைவுக்கு வந்துவிடுகின்றன.

ஏற்பி மட்டுமா மாறுகிறது? டோரதி ஹாட்ஜ்கினின் ஆய்வகம் 1969இல் இன்சுலின் படிகத்தின் வடிவத்தை வெளியிட்டது. பின்னாளில் பெங்களூரில் புரதப் படிகவியலை வளர்த்த எம். விஜயன் அந்தக் குழுவில் இருந்தவர். அந்தப் படிகத்தில் இருந்தது துத்தநாகத்தோடு ஆறாறாகக் கூடி உறங்கும் இன்சுலின். ஏற்பியோடு இருக்கும்போது அதன் கோலம் என்ன என்பது 2013இல்தான் மெல்போர்னிலிருந்து தெரியவந்தது. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுள் ஒன்றான பி சங்கிலியின் கடைசிப் பகுதி கதவைப் போல விலகித் திறக்கிறது. 24ஆம் இடத்து பினைல்அலனின் ஏற்பியின் குழிக்குள் புகுகிறது. மருத்துவர்கள் அந்த இடத்தின் முக்கியத்துவத்தை முன்பே சந்தித்திருந்தார்கள். அங்கு பினைல்அலனினுக்குப் பதில் செரின் வந்தவர்களுக்கும், அடுத்த இடத்தில் லியூசின் வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வந்தது. இரத்தத்தில் இன்சுலின் ஏராளம். ஆனால் அதற்கு வலுவில்லை. வெளியிலிருந்து ஊசியில் போட்ட இன்சுலின் அவர்களிடம் நன்றாகவே வேலை செய்தது.

குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் வகைப் பெப்டைடுகளைப் பார்த்தால் என் வாதம் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே பெப்டைடின் வால்பகுதி ஏற்பியின் வெளித்தலையில் ஒட்டுகிறது. தலைப்பகுதி சவ்வுக்குள் இருக்கும் ஏழு சுருள்களின் நடுவே இறங்கி ஏற்பியைத் தட்டியெழுப்புகிறது. ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கிடைத்த எக்ஸெண்டின்-4க்கு 39 அமினோ அமிலங்கள். அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005 முதல் மருந்து. அதன் முதல் எட்டு அமினோ அமிலங்களை மட்டும் நறுக்கிவிட்டால், மிச்சமுள்ள 31 ஏற்பியோடு நன்றாகவே ஒட்டும். ஆனால் இயக்காது, இயக்க வருவதையும் தடுக்கும். கரைசலில் துவண்டு கிடக்கும் ஜிஎல்பி-1 ஏற்பியில் சுருளாக நிமிர்கிறது. பெப்டைடு முதுகெலும்பு எந்தக் கோணங்களில் முறுகலாம் என்று ஜி. என். ராமச்சந்திரனும் மாணவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல் வரைந்த வரைபடத்தின் எல்லைக்குள்தான் இதுவும் நடக்கிறது.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேச அனுமதி கேட்கிறேன். ஒரு மூலிகையின் வேதிப்பொருளை எடுத்து, இன்சுலின் ஏற்பியின் கணினி வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும் 'டாக்கிங்' செய்து, ஆற்றல் மதிப்பு நல்ல எதிர்ம எண்ணாக வந்ததும் 'சர்க்கரை நோய்க்குத் தீர்வு' என்று முடிக்கும் கட்டுரைகள் நம் கல்லூரிகளிலிருந்து குவிகின்றன. அந்த எண், ஒட்டக்கூடும் என்கிறது. அவ்வளவுதான். ஒட்டியது இயக்குமா, மறிக்குமா, சும்மா கிடக்குமா என்று அதற்குத் தெரியாது. 1894இல் எமில் ஃபிஷர் நொதிகளுக்குச் சொன்ன பூட்டு-சாவி உவமையை ஏற்பிக்கும் அப்படியே மாட்டிவிட்டதன் வினை இது. சாவி உள்ளே நுழைவதையே கதவு திறந்ததாகக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இறுக்கமாக ஒட்டினால் நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பி சங்கிலியின் 10ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வைத்துச் செய்த எக்ஸ்10 என்ற இன்சுலின், இயற்கை இன்சுலினைவிட இறுக்கமாக ஒட்டியது. ஏற்பியை விட்டு நீங்கவும் அதிக நேரம் எடுத்தது. எலிகளில் பால்சுரப்பிக் கட்டிகளை உண்டாக்கியதால் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிர்செபடைடோ, ஜிஎல்பி-1 ஏற்பியில் இயற்கைப் பெப்டைடைவிடத் தளர்வாகத்தான் ஒட்டுகிறது. எடையையும் சர்க்கரையையும் குறைப்பதில் அது பின்தங்கவில்லை. எவ்வளவு இறுக்கம் என்பதோடு எவ்வளவு நேரம், உள்ளே எந்தப் பாதை என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காத ஆய்வு அரைகுறை என்றே நான் சொல்வேன்.

ஆய்வுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிணைப்பு மதிப்பைக் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும் அருகில், பாஸ்பேட் ஏறியதையோ சைக்ளிக் ஏஎம்பி கூடியதையோ அளந்த படம் ஒன்றையும் வையுங்கள். இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவையினர் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

விவாதத்துக்கு ஒன்றை விட்டுச் செல்கிறேன். அந்த 'டி' வடிவ ஏற்பியில் நான்கு இன்சுலின்கள் அமர்ந்திருக்கின்றன. இன்சுலினை வெள்ளமாக ஊற்றி எடுத்த படம் அது. ஒன்றோ இரண்டோ மட்டும் அமரும்போது ஏற்பி ஒருபக்கம் சாய்ந்த, சமச்சீரற்ற உருவங்களை எடுப்பதாகவும் படங்கள் வந்திருக்கின்றன. இரண்டு இட்லி சாப்பிட்ட ஒருவரின் கல்லீரலில் இவற்றுள் எது நடக்கிறது? கட்டமைப்பியல் அமர்வில் இதற்கு நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் ஆய்வுரையாளர் மேடைக்கு வரலாம்.