அடுப்படியும் உழைப்புக் களமே
(வரதய்யபாளையத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில், படம் காட்டியபின் மாணவர் குழுவினர் ஆற்றிய உரை)

 

சற்று முன் நீங்கள் பார்த்த படம் எங்கள் வகுப்பில் கொடுத்த பாட வேலை. 'ஆண் வேலை, பெண் வேலை' என்ற தலைப்பில் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள் என்றார்கள். எங்கள் குழுவில் பெண்கள் நான்கு பேர், ஆண்கள் மூன்று பேர். நாலு வீடுகளில் தமிழ், மூன்று வீடுகளில் தெலுங்கு. படம் எப்படி உருவானது, அதற்குள் என்ன கேள்வி இருக்கிறது என்பதை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முதல் நாளே பெண்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கேமரா ஆண்களுக்கு, எழுத்து வேலையும் டீ வாங்குவதும் பெண்களுக்கு என்று பிரிப்பதாக இருந்தால் இந்தப் படமே வேண்டாம் என்றார்கள். எனவே சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வாரம் ஒருமுறை வேலை கைமாறியது. எல்லாரும் எல்லாம் கற்றோம்.

கருவி எது? செல்போன்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி 2008இல் தொடங்கப்பட்டது. 2015இல் அங்கே பாக்ஸ்கான் நிறுவனம் ஷியோமி போன்களைச் செய்யத் தொடங்கியபோது, வரிசையில் நின்று வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கேமரா வைத்த போனைப் பூட்டித் தருகிற கை பெண்ணின் கை. ஆனால் எங்கள் குழுப் பெண்களில் யாருக்கும் சொந்தப் போன் இல்லை. அண்ணன் போனையோ அப்பா போனையோ கேட்டுத்தான் வாங்கி வந்தார்கள். ஊருக்கெல்லாம் போன் செய்கிறவர்களின் வீட்டில் பெண் பிள்ளை போனுக்குக் கை நீட்டி நிற்பது ஏன் என்று சிந்தித்துப் பாருங்கள்.

படத்தில் வருவது ஒரு குடும்பத்தின் ஒரு நாள். சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம். முகம் தெரியக்கூடாது என்றார்கள். கைகளை மட்டும் காட்டினோம். கணவன், மனைவி இருவரும் கூலி உழைப்பாளிகள். அதிகாலை நாலு மணிக்கு அந்த வீட்டில் விளக்கு எரிவதைப் படமாக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் அந்நேரத்தில் பிறர் வீட்டுக்குள் போக முடியாது. பெண் பிள்ளைகள் இருட்டில் தெருவில் நடக்க முடியாது. கடைசியில் அதே வரிசை வீட்டில் இருக்கும் எங்கள் தோழி, தன் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் எடுத்து வந்தாள். அந்தத் தாயார் அன்று தூக்கத்தை விட்டு எங்களுக்காக நின்றார். அவருக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறோம்.

இரண்டு பேச்சுகள் படத்தில் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடைத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "இன்றைக்கு என்ன வேலை அக்கா?" என்று கேட்டோம். "இன்னிக்கு வேலை இல்லம்மா, லீவு" என்றார். சொல்லும்போதும் கை துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் கணவர் நல்ல மனிதர். "நானும் அவளுக்கு ஒத்தாசை பண்றேன்" என்றார். ஒத்தாசை என்பது யாருக்குச் செய்வது? பிறர் வேலைக்குச் செய்வது. தான் சாப்பிடும் சோற்றை வடிப்பதும், தன் பிள்ளையின் மூக்கைத் துடைப்பதும் ஒத்தாசை என்றால், அந்த வேலை முழுக்க அக்காவுடையது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் தருகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் தருவது 97 நிமிடம். அதிலும் இந்த வேலையைத் தொடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024இல் மீண்டும் எடுத்த கணக்கில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணின் கணக்கு அதோடு ஏறவில்லை, அதுவும் இறங்கியிருக்கிறது!

எங்கள் தெலுங்குத் தோழர்களோடு பேசும்போது ஒரு சொல் அகப்பட்டது. தெலுங்கில் மனைவிக்கு 'இல்லாலு' என்று ஒரு சொல். தமிழில் 'இல்லாள்'. வீட்டுக்குரியவள் என்று பொருள். அதே சொல்லை ஆணுக்கு மாற்றி 'இல்லான்' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குரியவன் என்று பொருள் வராது, ஒன்றும் இல்லாதவன் என்றாகிவிடும். 1960 ஏப்ரல் முதல் நாள் மாநில எல்லை மாறியது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேட்டுப் பகுதி இந்தப் பக்கம் வந்தது. நாட்டு எல்லையைப் பேச்சுவார்த்தை நடத்தி மாற்ற முடிந்தது. வீட்டுக்குள் அடுப்படி வாசலில் போட்ட கோடு மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். எங்கள் தெலுங்குத் தோழன் ஒருவன் படத்துக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். 'ஆடங்கி' என்று தெருவில் கேலி செய்தார்கள். தமிழிலும் அதற்குச் சொல் உண்டு; மேடையில் சொல்ல வேண்டாம். குடத்தைவிட அந்தச் சொல் கனமாக இருந்தது என்றான். ஆனாலும் மறுநாளும் போனான். மூன்றாம் நாள் கேலி செய்தவர்கள் வழிவிட்டார்கள்.

ஏழைப் பெண்கள் கேமரா பிடிப்பது புதுமை அல்ல. 1984இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் தலித் விவசாயப் பெண்கள் கேமரா எடுத்து, வாரங்கல்லில் பி.ட்டி. பருத்தியால் நட்டப்பட்ட விவசாயிகளின் கதையைப் பதிவு செய்தார்கள். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவை மறக்க முடியுமா? எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தைப் பற்றிப் படித்த ஒரு பாடம் 1992இல் பெண்களைச் சாராயக்கடை வாசலுக்கு அனுப்பியது. 1993 அக்டோபர் முதல் நாள் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. ஒரு பாடம், ஒரு படம் என்ன செய்யும் என்று ஏளனம் செய்பவர்களுக்கு இவையே பதில்.

சட்டமும் தானாக வந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது ஆந்திரத்தில் 1985இலும் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிறந்த குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடைத்தது. வீட்டு வேலையில் பங்கு இன்னும் பிரிபடவில்லை.

இதனால் நட்டம் பெண்ணுக்கு மட்டுமா? இல்லை. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட காரணம் என்ன? திருமணமான பெண்ணுக்கு வீட்டுப் பொறுப்பு அதிகம் என்பது. அடுப்படிச் சுமையை வீட்டிலே ஒருவர் தலையில் மட்டும் வைத்தால், முதலாளி அதையே காரணம் காட்டிக் கதவைச் சாத்துவான். அந்தக் குடும்பத்தில் ஒரு கூலி குறையும். மீதியிருக்கும் ஒரு கூலிக்காரர் எந்தக் கூலிக்கும் தலையாட்ட வேண்டிவரும். ஆகவே இது தொழிலாளர் பிரச்சினை, நம் சங்கத்தின் பிரச்சினை.

தோழர்களே! எங்கள் நால்வரில் ஒருத்தி அடுத்த ஆண்டு படிப்பாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. யார் என்று சொல்லமாட்டோம். தாய் தந்தை இருவரும் ஷிப்டுக்குப் போகிறார்கள். சிறுவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கைதட்டிய அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் சேர்த்தவள் அவள்தான். பெற்றோரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்த இடத்தில் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பெண் பிள்ளையின் படிப்பு மட்டும்தானா?

எனவே சங்கத்தின்முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: சங்கப் பதிவேட்டில் குடும்பத்துக்கு ஒரு பெயர், அதுவும் ஆண் பெயர் என்ற வழக்கம் போகட்டும். கணவன், மனைவி இருவர் பெயரும் ஏறட்டும்.

இரண்டு: மாலை ஏழு மணி உலை வைக்கும் நேரம். கூட்டத்தை அந்த நேரத்தில் போட்டுவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று சொல்லக்கூடாது. ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றுங்கள். அன்று சமையலை ஆண்கள் முடித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து வாருங்கள்.

மூன்று: 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. அந்தக் கோரிக்கையை நிர்வாகங்களிடம் எடுத்துப் போகும்போது ஆண்களும் கையெழுத்துப் போடுங்கள். குழந்தை இருவருக்கும் பிறந்ததுதானே!

நான்கு: அதுவரை, வரிசை வீடுகளில் வெவ்வேறு ஷிப்டுக்குப் போகும் குடும்பங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த முறைப் பட்டியலில் அண்ணன் தம்பிகள் பெயரும் இருக்கட்டும். எங்கள் குழுவின் மூன்று ஆண்களும் தங்கள் பெயரை இப்போதே தருகிறார்கள்.

இந்தப் பட்டியல் இன்றிரவு எழுதப்பட்டால், கல்லூரிக் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்குமுன் எங்கள் தோழியின் வீட்டில் பேச நமக்கு ஒரு வழி இருக்கும். தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறோம். முதல் பெயரை எழுதத் தலைவர் ஐயா அவர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.