உயிரணுவின் வாயிற்காவல்



பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சென்று மீனாட்சிபுரத்தருகே கேரள எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம் தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் பகுதி அது. அங்கே பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்து கெட்டதையும், 2002 ஏப்ரலில் இரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்கள் ஆலை வாயிலில் அறப்போர் தொடங்கியதையும், மயிலம்மா என்னும் பெண்மணி அதில் முன்னின்றதையும் வெளிமாநிலங்களில் வாழும் நீங்களும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நாம் இன்று பேசவிருப்பது அந்நீரைப் பற்றியன்று. அவ்வாலையின் சேற்றைப் பற்றி.

ஆலைக் கழிவின் சேறு சுற்றுப்புற உழவர்களுக்கு உரமென்று வழங்கப்பட்டது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அதன் மாதிரியைச் சோதிக்கச் செய்து, காரீயமும் காட்மியமும் அதில் உண்டென அறிவித்தது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேற்றில் காட்மியத்தைக் கண்டது. சேறு தீங்கற்றது என்று நிறுவனம் மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

நெல்லும் கீரையும் புகையிலையும் மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்ச வல்லவை. அவற்றின் வழியே அது நம் உடலுள் நுழைந்தால் என்ன நேர்கிறது? உயிரணுவுக்குக் கண்ணில்லை, மூக்கில்லை; ஆயினும் வந்தவன் பகைவன் என்பதை அது அறிந்துகொள்கிறது.

அறியும் விதம் வியப்புக்குரியது. உயிரணுவுள் பல புரதங்கள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. காட்மியம் வந்ததும் துத்தநாகத்தை இடம்பெயர்த்து அவ்விடத்தில் தான் அமர்கிறது. வீடிழந்த துத்தநாகமே செய்தி. எம்.டி.எஃப்.-1 என்னும் காவற்புரதம் ஒன்று அத்துத்தநாகத்தைப் பற்றியதும் உட்கருவுக்குள் சென்று, அங்கே குறிப்பிட்ட சில ஜீன்களின் முகப்பில் அமர்கிறது. உறங்கிக் கிடந்த ஜீன் விழிக்கிறது. அதன் ஏட்டிலிருந்து படிகள் எடுக்கப்படுகின்றன. படிகளைப் பார்த்துப் புதிய புரதம் செய்யப்படுகிறது. அரசாங்கக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எமக்கு, இத்துணை விரைவாக ஆணை நிறைவேறும் அலுவலகம் ஒன்று உண்டென்பதே பொறாமை தருவது.

அப்புரதத்தின் பெயர் மெட்டலோதயோனின். 1957-இல் மார்கோஷஸ், வாலீ என்னும் இருவர் குதிரையின் சிறுநீரகத்தில் இதைக் கண்டனர். பெயரின் பின்பாதி கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'உலோகக் கந்தகப் புரதம்' எனத் தமிழாக்கினால் பொருள் விளங்கும். ஏறத்தாழ அறுபது கண்ணிகளே கொண்ட சிறு சங்கிலி இது. அவற்றுள் இருபது, கந்தகம் தாங்கியவை. அக்கந்தகக் கரங்களால் ஏழு உலோக அணுக்களை அணைத்து, வேறெதையும் தீண்டவொட்டாமல் அடக்கிவிடுகிறது.

ஆனால் காவலன் திருடனைப் பிடிக்கிறானே ஒழிய, ஊரைவிட்டு வெளியேற்றுவதில்லை. ஈரலில் பிடிபட்ட காட்மியம் தன் காவலோடு குருதியில் கலந்து சிறுநீரகம் சேர்கிறது. அங்குள்ள நுண்குழாய்கள், புரதமாயிற்றே, வீணாக்கலாமா என்று அதனை உள்வாங்கிக் கரைக்கின்றன. காவல் கரைய, காட்மியம் விடுபடுகிறது. உடனே அங்கும் ஜீன் விழித்துப் புதுக்காவல் செய்கிறது. இவ்வாறு பிடித்துப் பிடித்துச் சேர்த்ததில் பாதி நீங்கவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். சேரும் அளவு காவலின் வலிமையை மீறும்போது நுண்குழாய்கள் சிதைகின்றன. சுண்ணாம்புச் சத்து ஒழுகி எலும்பு தளர்கிறது.

ஜப்பானில் தொயாமா மாவட்டத்து ஜின்சு ஆற்றங்கரையில் இது நிகழ்ந்தது. சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீர் நெல்வயலில் பாய்ந்தது. 'இத்தாய் இத்தாய்', அதாவது 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பதே அந்நோயின் பெயராயிற்று. அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றது. நோயுற்றோரில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, நடுவயது கடந்த பெண்கள். உடலில் இரும்புச் சத்துக் குறைந்தால் குடல் இரும்பைத் தேடித் திறக்கும் வழியிலேயே காட்மியமும் மிகுதியாக நுழைந்துவிடும். சோகை பிடித்த ஏழைப் பெண்ணுக்கு அதே சோற்றிலிருந்து கூடுதல் நஞ்சு சேர்கிறது என்பதை நம் நாட்டினர் எளிதாகக் கடந்துபோதல் இயலாது.

பிளாச்சிமடையின் இழப்பை ஆராய்ந்த கேரள அரசின் உயர்நிலைக் குழு, 2010-இல் அதனை 216 கோடி ரூபாய்க்கு மேலென மதிப்பிட்டது. ஈடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. குழாய்கள் சிதையத் தொடங்கியதற்கு முதற்குறி, வலியன்று. சிறுநீரில் சிறு புரதங்கள் ஒழுகுவதே. அதைத் தேடிச் சோதித்தாலன்றி அது தெரியவராது.